கெஃபீரும் கச்சான் பட்டரும், நடுவில் நிக்கொலசும்

புத்தளம் பக்கத்து எத்தாளையில் நிக்கொலஸ் யார் என்று கேட்டால், பட்டக்கார வெள்ளைக்காரருக்குச் சமைக்கிறவனா என்று திருப்பிக் கேட்பார்கள். ஓம், அவனேதான். மீன்பிடிக்கிற வீட்டில் பிறந்து, மீன்பிடிக்கப் போய், வலை இழுக்கிறதைவிட மீனவர் தங்குகிற வாடியில் சோறாக்குகிறதில் கெட்டிக்காரன் என்று பெயரெடுத்த மனுசன். சண்டைக் காலத்தில் கடலில் இறங்கவும் நேவியிடம் பாஸ், கரையேறவும் பாஸ் என்று கிடந்த ஊர் அது. சண்டை முடிந்து கொஞ்ச வருசத்தில் சோளகக் காற்றைத் தேடி வெளிநாட்டுச் சனம் வந்து, கடல் உள்ளே புகுந்து கிடக்கிற களப்பில் பட்டம் விட்டு, அந்தப் பட்டத்தில் தொங்கிக்கொண்டு தண்ணீருக்கு மேலே பறந்தது. கலியாணம் கட்டுகிற வயசில் பட்டம் விடுகிறதுகளே என்று ஊர் முதலில் சிரித்தது. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, அதுகள் தங்குவதற்குக் கொட்டில் போட்டுக் கொடுத்தது. அப்படியான ஒரு கொட்டில் விடுதியின் குசினியில்தான் நிக்கொலசுக்கு வேலை.

நல்லவன். ஆனால் ஒரு குறை. யார் என்ன சொன்னாலும் தலையாட்டிவிடுவான். ஒருநாள் படகுக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி வலையை வடக்கே போடு என்றார், சம்மாட்டியின் தம்பி தெற்கே போடு என்றார். இவன் இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டு நடுவில் போட்டான். அன்றைக்கு வலையில் ஏறியது சொறிமீனும் பாசியும்தான். இப்படிப்பட்டவனிடம் ஒரு பச்சைப் பிள்ளையைக் கொடுத்து வளர் என்று சொன்னால் என்ன நடக்கும்? அதுதான் நடந்தது.

மனைவி சுதர்சினி சைப்பிரசுக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டாள். கட்டுகிற வீடு பாதியில் நின்றது, வேறு வழியும் இருக்கவில்லை. மகள் ஜெசிக்காவுக்கு அப்போது நடக்கத் தொடங்கின வயசு. நிக்கொலஸ் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவான். குசினி மேசைக்குக் கீழே பாய் விரித்து, பழைய அகப்பை இரண்டைக் கையில் கொடுத்தால் அவள் பாட்டுக்கு விளையாடுவாள். பசித்தால் அப்பாவின் இடுப்புச் சாரத்தைப் பிடித்து இழுப்பாள். ஓரா மீனை முள்ளெடுத்து, தேங்காய்ப்பால் சொதியில் சோற்றோடு பிசைந்து ஊட்டினால் கண்ணை மூடிக்கொண்டு தின்பாள். இரண்டு வயசு தாண்டும் மட்டும் ஒரு குறையும் இல்லை.

பிறகு வைகாசியில் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, ஆனால் போகும்போது பிள்ளையின் நிறையிலும் கொஞ்சத்தைக் கொண்டுபோய்விட்டது. ஆனிமாதக் கிளினிக்கில் மருத்துவமாது மபாஸா பிள்ளையைத் தராசில் தொங்கவிட்டுப் பார்த்தாள். முள் ஏற வேண்டிய இடத்துக்கு ஏறவில்லை. நல்ல சாப்பாடு குடுங்க, மீன், முட்டை, பருப்பு எல்லாம் குடுங்க, அடுத்த கிளினிக்கிலயும் ஏறாட்டி புத்தளம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பத்தான் வேண்டிவரும் என்று சொன்னாள். நிக்கொலசின் காதில் 'நல்ல சாப்பாடு' என்பது மட்டும் விழுந்தது. மீனும் முட்டையும் பருப்பும் வீட்டில் எந்நாளும் கிடக்கிறதுதானே, எந்நாளும் கிடக்கிறது எப்படி மருந்தாகும் என்று நினைத்துக்கொண்டான். நாமும் அப்படித்தான். வாசலில் முருங்கை நிற்கும், நாம் கடைக்குப் போய்ச் சத்துமா வாங்குவோம்.

செய்தி சைப்பிரசுக்குப் போனது. அங்கிருந்து சிலாபத்துக்குப் போனது. சிலாபத்தில் இருப்பது சுதர்சினியின் அக்கா பவுலினா. பவுலினாவுக்கு எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும், பாத்திரம் பளபளக்க வேண்டும், ஒரு ஆம்பிளை குசினி மேசைக்குக் கீழே பிள்ளை வளர்க்கிறது அவளுக்கு ஆதிமுதல் பிடிக்கவில்லை. அக்காவும் தங்கையும் போனில் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். அடுத்த கிளினிக்கில் நிறை ஏறினால் சரி. ஏறாவிட்டால் பவுலினா வந்து பிள்ளையைச் சிலாபத்துக்குக் கொண்டுபோவாள், சுதர்சினி திரும்பி வரும்வரை பிள்ளை அங்கேதான். இதை நிக்கொலசிடம் சொன்னபோது அவன் வழக்கம்போல 'அதுவும் சரிதான்' என்றான். போனை வைத்த பிறகு தேங்காய்க் குவியலில் குந்தியிருந்து அழுதான். அந்தப் பிள்ளை இல்லாவிட்டால் அவனுக்கு அந்த ஊரில் வேறு என்ன இருக்கிறது?

அந்த நாட்களில் விடுதியில் நெடுநாளாகத் தங்கியிருந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி ரஷ்யாக்காரி லுட்மிலா. மற்றவன் ஒல்லாந்துக்காரன் யெரூன். லுட்மிலா ஊரிலிருந்து ஒரு சின்னப் போத்தலில் ஊறின சவ்வரிசி மாதிரி வெள்ளைக் கட்டிகள் கொண்டுவந்திருந்தாள். அதைப் பாலில் போட்டு ஒருநாள் வைத்தால் பால் திரண்டு புளிக்கும். வடித்துக் குடித்துவிட்டு, கட்டிகளைத் திரும்பவும் புதுப்பாலில் போடுவாள். அதற்குப் பெயர் கெஃபீர். நாய் பூனை வளர்க்கிற மாதிரி அவள் அந்தக் கட்டிகளை வளர்த்தாள். யெரூன் தன்னோடு கொண்டுவந்தது நிலக்கடலையை அரைத்த கச்சான் பட்டர். போத்தல் முடிந்ததும் நிக்கொலஸ் கச்சானை வறுத்து, தோல் புடைத்து, கிரைண்டரில் விட்டு எண்ணெய் கசியும் வரை அரைத்துக் கொடுத்தான். கடைச் சாமானைவிட இது திறம் என்று யெரூன் பாண் துண்டில் அப்பிக்கொண்டு சொன்னான்.

ஒருநாள் காலைச் சாப்பாட்டு மேசையில் நிக்கொலஸ் தனக்குத் தெரிந்த இங்கிலீசைக் கூட்டிப் பெருக்கி, மகளைக் காட்டி, பிள்ளைக்கு நிறை காணாது, இந்த இரண்டில் எது சத்து என்று கேட்டுவிட்டான். கேட்டிருக்கக் கூடாது.

யெரூன் பழைய போத்தலின் லேபலைக் காட்டினான். நூறு கிராம் கச்சான் பட்டரில் இருபத்தைந்து கிராம் புரதம், அதே அளவு கெஃபீரில் மூன்றோ மூன்றரையோதான் என்றான். நிக்கொலசுக்கு விசயம் முடிந்தமாதிரி இருந்தது. அப்போது லுட்மிலா சிரித்தாள். நூறு கிராம் கச்சான் பட்டரை யார் ஒரேயடியாய்த் தின்கிறது, நீ இரண்டு கரண்டி பூசுகிறாய், நான் ஒரு கிளாஸ் குடிக்கிறேன், கணக்குப் பார்த்தால் இரண்டிலும் எட்டு எட்டுக் கிராம்தான் வரும் என்றாள். கெஃபீரில் எலும்புக்கு வேண்டிய கல்சியம் இருக்கிறது, கச்சானில் அது சொற்பம் என்றாள். யெரூன் விடவில்லை. கச்சானில் இருக்கிற கொழுப்பு நல்ல கொழுப்பு, உடம்புக்குப் பலம் அதுதான் தரும் என்றான். கரண்டியால் அளந்தால் ஒன்று, கிளாசால் அளந்தால் இன்னொன்று. நிக்கொலஸ் இரண்டு பேருக்கும் தலையாட்டினான்.

அதோடு நின்றதா? லுட்மிலா தன் இடுப்பைத் தட்டிக் காட்டி, கெஃபீர் குடித்துத்தான் உடம்பு இறங்கியது என்றாள். யெரூன் தன் வயிற்றைத் தடவி, இரண்டு கரண்டிக்கு மேலே போனால் தொந்தி வைத்துவிடும் என்றான். அப்படியென்றால் உடம்பை இறக்குகிறதைப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா? தொந்தி வைக்கிறதுதான் பிள்ளைக்கு நல்லதா? இதற்கிடையில் லுட்மிலா இன்னொன்றைச் சொன்னாள். கெஃபீரில் கோடிக்கணக்கில் உயிருள்ள கிருமி இருக்கிறதாம், அதுதான் அதன் விசேசமாம். நிக்கொலசுக்குத் தலை சுற்றியது. தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கிருமியைச் சாகடித்துக் குடு என்று மபாஸா மிஸ்ஸி சொல்கிறாள். இவளோ கிருமியை வளர்த்துக் குடிக்கிறாள். எந்தக் கிருமி நல்ல கிருமி, எது கெட்ட கிருமி, அதுகளின் முகத்தில் எழுதி ஒட்டியிருக்கிறதா என்ன?

கடைசியில் இரண்டையும் கொடுப்பது என்று முடிவெடுத்தான். வடக்கும் தெற்கும் பார்த்து நடுவில் வலை போட்டவன் வேறென்ன செய்வான்? லுட்மிலா சந்தோசமாக ஒரு பிடி கெஃபீர்க் கட்டியைக் கொடுத்தாள். சுதர்சினியும் போனில் கேட்டு மகிழ்ந்தாள். வெள்ளைக்காரச் சாப்பாடு என்றால் சும்மாவா?

பிள்ளைக்கும் சேர்த்துக் கூடுதலாகப் பால் வேண்டும் என்று கேட்கப் போன இடத்தில்தான் அடுத்த குழப்பம். விடுதிக்குப் பால் கொடுப்பவர் உசனார் நானா. களப்போரம் மாடு வைத்திருக்கிற பெரிய மனுசர், ஐந்து வேளை தொழுகிறவர், பொய் சொல்லாதவர். புளித்த பால் பிள்ளைக்கு என்றதும் அவர் நிக்கொலசின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நீங்க மீன் திங்கிற வீடு. மீனும் புளிச்ச பாலும் ஒரு வயித்துல சேரப்படாது. தேமல் விழும், பொறகு அது வெண்குட்டமா மாறும். பொம்புளப் புள்ள, பாத்து நடந்துக்கங்க."

இது நிக்கொலசுக்குத் தெரியாத கதை இல்லை. அந்தக் கரையில் தயிர் வாங்குகிற நாளில் மீன் சட்டியை ஏற்றாத வீடுகள் எத்தனையோ. காலையில் பாலும் இரவில் மீனுமாகக் கொடுத்தால் என்ன என்று கேட்டான். திரைந்த பால் வயிற்றை விட்டு இறங்க ஒருநாள் பிடிக்கும் என்று உசனார் நானா சொல்லிவிட்டார். எந்நாளும் கெஃபீர் என்றால் எந்நாளும் மீன் இல்லை என்றுதானே கணக்கு.

வீட்டுக்கு வந்தால் பக்கத்து வீட்டு மக்டலின் அக்கா. கச்சான் கரப்பன் சாமான், உடம்பெல்லாம் கடி எழும்பும், கச்சான் கொடுக்கிறது என்றால் இறால், நண்டு, முட்டை மூன்றையும் கிட்டவும் கொண்டுவராதே, சூட்டுக்கு மேலே சூடு ஏறும் என்றாள். நிக்கொலஸ் அதற்கும் தலையாட்டினான். கச்சான் சூடு, கெஃபீர் குளிர், இரண்டும் சேர்ந்தால் சரியாகிவிடுமா, அல்லது பிள்ளை நடுவில் கிடந்து அவியுமா உறையுமா என்று அவனுக்கு விளங்கவில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. ஆனாலும் இவ்வளவு கவனமாக ஒரு பிள்ளையை அந்த ஊரில் வேறு யாரும் பார்க்கவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கச்சான் பட்டருக்காக இறாலும் நண்டும் முட்டையும் போனது. கெஃபீருக்காக மீன் போனது. மிச்சம் இருந்தது சோறும் பருப்பும். கச்சான் பட்டர் ஜெசிக்காவின் அண்ணாக்கில் ஒட்டிக்கொள்ளும், அவள் நாக்கால் இரண்டு தரம் வழித்துவிட்டு முகத்தைத் திருப்புவாள். கெஃபீரின் புளிப்புக்குக் கண்ணைச் சுருக்கி, அப்பா கெஞ்சுகிறார் என்பதற்காக நாலு மிடறு குடிப்பாள். அந்த நாலு மிடறு வயிற்றில் கிடக்க, சோறு இறங்காது. விருந்தாளிகளுக்காக அடுப்பில் ஓரா மீன் சொதி கொதிக்கும். பிள்ளை மேசைக்குக் கீழிருந்து வாசம் பிடித்து வெளியே வந்து, சாரத்தைப் பிடித்து இழுத்து, மீன் என்று கேட்கும். நிக்கொலஸ் கரண்டியால் கச்சான் பட்டரை நீட்டுவான். அவள் தலையை ஆட்டிவிட்டு அடுப்பைக் காட்டுவாள். எல்லாம் உன்ட நல்லதுக்குத்தான் மகள் என்று சொல்லிக்கொண்டு சட்டியை மூடிவைப்பான். பாவி, மூடிவைத்தது பிள்ளையின் சாப்பாட்டை.

கிளினிக் நாள் வந்தது. பவுலினா விடியற்காலையிலேயே சிலாபத்திலிருந்து பஸ் ஏறி, வெறும் பை ஒன்றோடு வந்து இறங்கியிருந்தாள். பை எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. மபாஸா பிள்ளையைத் தராசில் தொங்கவிட்டாள், முள்ளைப் பார்த்தாள், பிள்ளையை இறக்கித் திரும்பவும் தொங்கவிட்டாள். போன முறையைவிடக் குறைந்திருந்தது. நிக்கொலஸ் எட்டித் தானும் முள்ளைப் பார்த்தான்.

என்ன கொடுத்தீர்கள் என்று மபாஸா கேட்டாள். அவன் கெஃபீரைச் சொன்னான், கச்சான் பட்டரைச் சொன்னான், கரண்டிக் கணக்கையும் கிளாஸ் கணக்கையும் சொன்னான். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மீன் கொடுத்தீர்களா என்று கேட்டாள். நிப்பாட்டிவிட்டேன் என்றான். முட்டை? அதையும்தான். ஏன் என்று அவள் கேட்க, அவன் உசனார் நானா சொன்னதையும் மக்டலின் அக்கா சொன்னதையும் ஒப்புவித்தான்.

மபாஸாவுக்கு இது புதுக் கதை இல்லை. அவளும் அந்த ஊர்ப் பிள்ளைதான், அவளுடைய உம்மாவும் இதே கதையைத்தான் சொல்லி வளர்த்திருப்பாள்.

"நிக்கொலஸ் அண்ணன், கெஃபீரும் நல்லம், கச்சானும் நல்லம். ஆனா ரெண்டும் சோத்துக்கும் மீனுக்கும் மேல குடுக்கிற சாமான். நீங்க மீன எடுத்துப்போட்டு அந்த இடத்துல இத வச்சிரிக்கிறீங்க. புள்ள பசியில கெடந்திரிக்கி."

தேமல் வராதா என்று அவன் மெதுவாகக் கேட்டான். வராது என்றாள். பால் ஒத்துக்கொள்ளாத உடம்பு, மீன் ஒத்துக்கொள்ளாத உடம்பு, கச்சான் ஒத்துக்கொள்ளாத உடம்பு என்று சிலருக்கு இருக்கும், அது வேறு கதை, இந்தப் பிள்ளை மூன்றும் தின்று ஒன்றும் ஆகவில்லையே என்றாள். காலையில் மீன் சோறு, பசித்த நேரத்தில் முட்டை, இடையில் விரும்பினால் கொஞ்சம் கெஃபீர், பாணில் மெல்லிசாகக் கச்சான் பட்டர், இரண்டு கிழமையில் திரும்பக் கொண்டுவாங்க, அப்பவும் ஏறாவிட்டால் டொக்டரிடம் போவோம் என்று முடித்தாள்.

பவுலினாவுக்குப் பொறுக்கவில்லை. அவர் செய்தது சரிதானே மிஸ்ஸி, மீனையும் தயிரையும் ஒண்டாக் குடுக்கிற ஆக்கள் எங்க இருக்கு, என் வீட்டில் எந்நாளும் தயிர் இருக்கும், அதனால் கிழமையில் ஒருநாள்தான் மீன் என்று பெருமையாகச் சொன்னாள். அதுவரை அவள் நிக்கொலசைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. முதல்முதல் அவள் அவனைப் புகழ்ந்தபோதுதான் அவனுக்கு விசயம் விளங்கியது. பிள்ளையைக் கொண்டுபோகப் போகிற வீட்டிலும் மீன் சட்டிக்கு மூடிதான்!

வீட்டுக்கு வந்ததும் பவுலினா கொடியில் கிடந்த சின்னச் சட்டைகளை எடுத்து மடிக்கத் தொடங்கினாள். நிக்கொலஸ் ஒன்றும் பேசாமல் அடுப்பை மூட்டினான். மக்டலின் அக்கா வீட்டில் ஓரா மீன் இரண்டு வாங்கி, தோலுரித்து, தேங்காய்ப்பால் பிழிந்து சொதி வைத்தான். சாப்பாட்டுக் கோப்பையில் சோறு போட்டான். பக்கத்தில் ஒரு கிளாஸ் கெஃபீரும் வைத்தான். அவனுக்கு இன்னும் பயம் போகவில்லை. மிஸ்ஸி படித்தவள், உசனார் நானா பொய் சொல்லாதவர், யாரை நம்புவது? ஆகவே முதலில் தானே ஒரு பெரிய துண்டு மீனை வாயில் போட்டு மென்று, அதற்கு மேலே கெஃபீரைக் குடித்தான். வருகிறதென்றால் எனக்கு வரட்டும் மாதாவே என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டான். பிறகு முள்ளெடுத்துப் பிசைந்து மகளின் வாயருகே கொண்டுபோனான். ஜெசிக்கா அவன் கையையே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

பவுலினா அதைப் பார்த்துவிட்டுச் சட்டைகளை அப்படியே போட்டாள். இந்த மனுசனுக்கு விசர் பிடித்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே சைப்பிரசுக்கு வீடியோ கோல் எடுத்து, போனைக் கோப்பைக்கு நேரே பிடித்தாள். மீனையும் புளித்த பாலையும் ஒன்றாகக் கொடுக்கிறார், நீயே பார், நீயே கேள் என்றாள்.

சுதர்சினி நிக்கொலசிடம்தான் கேட்டாள். நிறை ஏறியதா என்று.

"இல்ல. இறங்கிப்போச்சு. மீன நிப்பாட்டி நான்தான் இறக்கினன்," என்றான் நிக்கொலஸ். "கெஃபீர் நல்லமா, கச்சான் நல்லமா எண்டு எனக்கு இன்னும் விளங்கல்ல. மீன் மட்டும் இனி நிப்பாட்ட மாட்டன். புள்ளய அனுப்பவும் மாட்டன்."

சுதர்சினி அக்காவைக் கூப்பிட்டாள்.

"அக்கா, இங்க நான் வேல செய்யிற வீட்டுல ரெண்டு புள்ளைகள். மீன் பொரிச்சு, பக்கத்துல தயிரும் வச்சு, நான்தான் ரெண்டுக்கும் ஊட்டுறன். இப்பவும் ஊட்டிப்போட்டுத்தான் வாறன். ஒரு தேமலும் இல்ல, ரெண்டும் நல்லா கொழுகொழு எண்டு இருக்குதுகள்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "ஊரார் புள்ளய ஊட்டி வளர்த்தா தன்ட புள்ள தானா வளரும் எண்டு அம்மா சொல்லுவா தானே. நான் அத நம்பிக்கொண்டு இருந்திருக்கிறன் அக்கா."

பிள்ளை அப்பாவோடயே இருக்கட்டும் அக்கா, நீங்கள் பையை வையுங்கள் என்றாள் சுதர்சினி. பவுலினா பிடித்திருந்த போனைக் கீழே இறக்கவில்லை.

"போன வைக்காதீங்க," என்றாள் சுதர்சினி நிக்கொலசிடம். "இன்னும் ஒரு வாய் குடுங்க. நான் பாக்கிறன்."